இரண்டு சாவிகளும் ஓர் அருவியும்

“கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்று டாக்டர் சத்தியநேசன் திரும்பத் திரும்பச் சொன்னார். சிவப்ரியா அக்கா பேனாவைத் தொடவில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தின் அடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் கிடந்தது போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிய புகார். ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஸ்மைலின், வேண்டுமென்றே நெட்வொர்க்கை முடக்கி, ஸ்கேன் படங்கள் திருவனந்தபுரத்தில் ரிப்போர்ட் எழுதும் டாக்டருக்குப் போய்ச் சேராதபடி தடுக்கிறாள் என்பது அதன் சாரம். கடைசியில் ஒரு நிபுணர் சாட்சிக் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. அந்த நிபுணர் அக்கா. அக்காவின் பையைத் தூக்குகிறவன் அஜின், அதாவது நான். கெட்டுப்போகும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் எந்த மனுஷன் இருக்கிறான் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. இரணியலில் ஒரு பேக்கரிக்கு மேலே ஆபீஸ். கேஸ் வராத நாளிலும் பஃப்ஸ் வாசனை மட்டும் தவறாமல் வரும்.

“இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குக் கிளம்புறதுக்குள்ள இத கொண்டு கொடுக்கணும்” என்று டாக்டர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். வெளியே தக்கலையில் மழை பெய்வதும் நிற்பதுமாக உயிரை வாங்கியது. ட்யூப்லைட்டும் அதற்கு ஈடாகக் கண் சிமிட்டியது.

“இவ மேல எப்படி சந்தேகம் வந்துது டாக்டர்?” என்று அக்கா கேட்டாள்.

“வராம? சர்வர் ரூமுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு அவகிட்ட. இன்னொண்ணு எனக்க கார் சாவிக்கொத்துல. நான் பேஷண்டுகளோட இருக்கேன். பெறவு பாருங்க, இவ லீவு போட்ட நாள்ல லைன் ஒரு தடவகூடப் போகல்ல. இவ வந்தா போகும். இதுக்கு மேல என்ன வேணும்?”

“காரணம் வேணும். சம்பளம் வாங்குற எடத்துல எவளாவது சும்மா மண்ணள்ளிப் போடுவாளா?”

“மஸ்கட்ல வேல கெடச்சிருக்கு. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேட்டா. மார்ச்சு வர நில்லு, அப்பம் தாரேன்னேன். அந்த வைராக்கியம்.”

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்மைலின் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கீபோர்டையும் தொடக் கூடாது என்று உத்தரவு. மடியில் ஒரு ஃபைலை இறுக்கிப் பிடித்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“கேசுன்னு ஒண்ணு பதிஞ்சா போலீஸ் கிளியரன்ஸ் தரமாட்டாங்க அக்கா” என்றாள். “அது இல்லேன்னா விசா இல்ல. எத்தன இன்டர்வியூ அலைஞ்சு கெடச்ச வேல தெரியுமா? நான் எதுக்கு எனக்க தலையில நானே கல்லத் தூக்கிப் போடணும்?”

எங்கள் ஊரில் அந்தக் கிளியரன்ஸ் காகிதத்துக்காகப் பிள்ளைகள் சண்டை நடக்கும் தெரு வழியாகக்கூடப் போகமாட்டார்கள். அக்கா எழுந்தாள்.

“மெஷினைப் பாப்போம்.”

வரவேற்பறையைத் தாண்டித்தான் சர்வர் அறைக்குப் போக வேண்டும். அந்த வரவேற்பறையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கட்டில் அகலத்துக்குக் கிறிஸ்துமஸ் குடில் போட்டிருந்தார்கள். சாக்கை மடித்து, நிறம் தீட்டிய மலை. நிஜப் பாசி. வைக்கோல் கூரைக்குக் கீழே குழந்தை இயேசுவும் மாடுகளும் மேய்ப்பர்களும். மலையுச்சியிலிருந்து அருவி விழுவதற்குப் பாதை வெட்டி, கீழே ஒரு குளமும் கட்டியிருந்தார்கள். அருவி மட்டும் ஓடவில்லை.

“வெள்ளம் ஓடாதா?” என்றேன்.

“ஜட்ஜுமாரு வரும்போ ஓடும்” என்றார் பில் போடும் மேஜையிலிருந்து தேவகனி அம்மா. டாக்டரின் மனைவி. “சபை வாலிபர் சங்கத்துல குடில் போட்டி இருக்கு. எப்பம் வருவாங்கன்னு சொல்ல மாட்டாங்க, திடுதிப்புன்னு வந்து நிப்பாங்க. போன வருஷம் அவங்க வாசல்ல கால வைக்கவும் கரண்டு போச்சு. அருவி நின்னு போச்சு. முதல் பரிசு எதுத்த வீட்டுக்காரிக்கு! இந்த வருஷம் எனக்க வீட்டுக்காரரு பேட்டரி வாங்கி உள்ள வச்சிட்டாரு. இனி கரண்டு போனாலும் எனக்க அருவி நிக்காது.”

“எதிர்வீட்டம்மா இனி பரிசுக்கு ஊரை மாத்தணும்” என்றேன். தேவகனி அம்மாவுக்கு என்னை உடனே பிடித்துவிட்டது.

அக்கா தேரூர்ப் பக்கம். சைவ வீடு. குடில் போட்டியெல்லாம் அவளுக்குப் புதுசு. குளத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்தாள்.

சர்வர் அறை ஓர் அலமாரியைவிடச் சற்றுப் பெரிது. வரவேற்பறைச் சுவருக்கு மறுபக்கம். ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை வழியாக ஒரு கட்டு கேமரா வயர்கள் உள்ளே வந்தன. சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர். ஃப்ரீ பிஎஸ்டி என்ற, யூனிக்ஸ் குடும்பத்து மென்பொருள் அதில் ஓடியது. வெளியுலகத்துக்குப் போகும் எல்லாப் படமும் இதன் நெட்வொர்க் கார்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கார்டுக்கு மெஷின் வைத்திருக்கும் பெயர் எம்-ஸீரோ.

ஸ்மைலின் கதவருகே நின்றபடியே சொன்னாள். “படம் போயிட்டிருக்கும்போ திடீர்னு, எம்-ஸீரோ வாட்ச்டாக் டைம்அவுட்னு வரும் அக்கா. கார்டு கொஞ்ச நேரம் பதில் சொல்லலேன்னா, அது செத்துப்போச்சுன்னு நெனச்சு, காவலுக்கு நிக்கிற புரோகிராம் அத அடிச்சு வீழ்த்தி மறுபடி எழுப்பும். அதுக்குள்ள பாதி போன படம் அறுந்துபோகும். மறுபடி அனுப்பணும். மறுபடி அறும்.”

“நீ என்னெல்லாம் செஞ்சு பாத்த?”

“வயர மாத்தினேன். சுவிட்சுல வேற ஓட்டையில குத்திப் பாத்தேன். கார்டையே கழற்றி அதே ஸ்லாட்ல புதுசு போட்டேன். டிரைவர் செட்டிங்கெல்லாம் ஒண்ணொண்ணா அணைச்சுப் பாத்தேன். எதுக்கும் மசியல்ல.”

“புதுக் கார்டும் அதே அழுகை அழுதுதா?”

“அதே அழுகை.”

“அப்பம் கார்டுக்குப் பேய் பிடிக்கல்ல. வீட்டுக்குத்தான் பிடிச்சிருக்கு” என்றேன் நான். டாக்டர் என்னை முறைத்தார். அக்கா முறைக்கவில்லை, தலையாட்டினாள்.

“எந்தெந்தப் படம் அறுந்துதுன்னு ஞாபகம் இருக்கா?”

ஸ்மைலின் யோசிக்கவே இல்லை. “மறக்குமா? திருவட்டாறுல சைக்கிள்லேருந்து விழுந்த பயல். வலிப்பு வந்த குட்டி ஒண்ணு, பாவம், அதுக்க அம்மைக்குத் தூக்கிட்டு நடக்கவே தெம்பில்ல. பெறவு பனச்சமூட்டுல தலையில தேங்கா விழுந்த சின்னவன். அவனுக்குத்தான் ரொம்ப லேட்டாச்சு. கடைசியில சிடியில பதிஞ்சு கார்லயே அனுப்பினோம். இப்பம் நல்லா இருக்கான்.”

அக்கா சிப்ஸை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். “பெரியவங்க ஒருத்தரும் இல்லியா?”

“ஒரு தாத்தா...” ஸ்மைலின் நிறுத்தினாள். “இல்ல. அவரு படம் போய்ச் சேந்துது. எல்லாம் பிள்ளையளுதான்.”

“கேட்டீங்களா!” டாக்டரின் குரல் உயர்ந்தது. “பச்சப் பிள்ளையளாப் பாத்து அறுத்திருக்கா! நான் இதக்கூடக் கவனிக்கல்ல. புகார்ல இதையும் சேருங்க.”

ஸ்மைலின் சுவரில் சாய்ந்தாள். அவளே தன் கழுத்துக்குக் கயிறு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. எதற்கு அந்தக் கேள்வி? ஆனால் அக்கா அதற்குள் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“லாக் எப்படிப் பாப்ப நீ?”

“எம்-ஸீரோன்னு தேடிப் பாப்பேன். அந்தப் பேரு வாற வரிய மட்டும் காட்டும்.”

“ஏட்டி, திருடன் சாடின வீட்ல நாய் குரைச்ச நேரத்த மட்டும் எழுதி வச்சிருக்க. மதில்ல யாரு ஏறினான்னு பாக்கல்லியே?” அக்கா தேடல் இல்லாமல் முழு லாக்கையும் திறந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். ஒரு வரி மேலே போனாள். அப்புறம் வேறேதோ கட்டளை அடித்தாள். திரையில் வந்ததைப் பார்த்து அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் திரையைத் துடைத்துவிட்டாள்.

“அஜின், நீ இங்கன இரு. திரையில புதுசா ஏதாவது ஓடினா சத்தம் போடு. டாக்டர், ஸ்மைலின், வாங்க, வெளியே இருப்போம்.”

“எவ்வளவு நேரம்?” என்றார் டாக்டர்.

“ஒரு பிள்ள வாற வரைக்கும்.”

காத்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. சர்வர் அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் வரவேற்பறை முழுவதும் எனக்குத் தெரிந்தது. ஒரு தாத்தாவின் நெஞ்சுப் படம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஓர் அம்மாவின் முதுகுப் படமும் போனது. மழை பிடித்தது, விட்டது. ஸ்டேஷனிலிருந்து யாரோ போன் செய்தார்கள். டாக்டர், “இப்ப வந்திருவேன், இப்ப வந்திருவேன்” என்றார். வைத்துவிட்டு அக்காவிடம், “பாத்தீங்களா, நம்ம கண்ணு முன்னால இருக்கா, லைன் போகல்ல. இதவிட சாட்சி வேணுமா?” என்றார். அக்கா நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். ஒருவேளை அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லையோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

அப்போதுதான் சிதறாலிலிருந்து ஓர் ஆட்டோ வந்தது. பாறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட ஒரு சின்னப் பெண்ணை அவள் அம்மா ஷைஜா தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஸ்கேன் மெஷினுக்குள் பிள்ளை எப்படியோ அசையாமல் கிடந்தது. வெளியே வந்ததும் அடக்கி வைத்த அழுகை எல்லாம் சேர்ந்து பீறிட்டது. கட்டடமே அதிர்ந்தது. தாய் தேற்றினாள், நர்ஸ் தேற்றினாள், ஒன்றும் பலிக்கவில்லை. என் திரையில் அந்தப் பிள்ளையின் படங்கள் ஒவ்வொன்றாகத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பத் தொடங்கியிருந்தன.

நாற்காலியில் இருந்த ஸ்மைலினால் தாங்க முடியவில்லை. தேவகனி அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். எழுந்து போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

“மக்கா, வெள்ளம் பாப்பமா? இஞ்ச பாரு, மலையிலேருந்து வெள்ளம் வரப்போவுது.”

வைக்கோலுக்குள் கை விட்டு எதையோ அழுத்தினாள். அருவி விழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பிள்ளையின் அழுகை பாதி விக்கலில் நின்றது.

“அக்கா!” என்று நான் கத்தினேன். “எம்-ஸீரோ! டைம்அவுட்! விழுந்துபோச்சு!”

டாக்டர் பாய்ந்து வந்தார். “எழும்பின ஒடனே! பாத்தீங்களா? அவ கையில போன் இருக்கு, பாருங்க!”

ஸ்மைலினின் கையில் இருந்தது பிள்ளையின் கை. அக்கா நிதானமாகச் சொன்னாள். “ஸ்மைலின், அருவிய நிறுத்து.”

அருவி நின்றது. திரையில் எம்-ஸீரோ கண்ணைத் திறந்தது.

“இப்ப போடு.”

அருவி விழுந்தது. எம்-ஸீரோவும் விழுந்தது.

“நிறுத்து. போதும், பிள்ளைக்க படம் போவணும்.”

ஸ்மைலினின் முகத்தில் ரத்தமே இல்லை. “நானா?” என்றாள். “அக்கா, அழுகிற பிள்ளையளுக்குக் காட்டத்தானே போட்டேன்... அந்தத் தேங்கா விழுந்த பயலுக்கும் நான்தான் போட்டேன். அவன் படம் போகாதது என்னாலயா?”

வாய்விட்டு அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் புரிந்தது. அவள் லீவு போட்ட நாளில் லைன் போகாததற்குக் காரணம், அன்று பிள்ளைகள் அழுதால் ஏனென்று கேட்க ஆளில்லை.

“நான்கூட பிள்ளையளுக்குப் போட மாட்டேன்” என்று தேவகனி அம்மா மெல்லச் சொன்னார். “கையை விட்டுப் பாசியக் கொழப்பிரும்னு. இவ எனக்குத் தெரியாம போட்டிருக்காளே!”

“பெரியவங்க பில்லப் பாத்துத்தான் அழுவாங்க. அதுக்கு யாரும் அருவி போடுறதில்ல” என்றேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

டாக்டருக்கு மூச்சு வந்தது. “ஆக, அவதான! சுவிட்சப் போட்டது அவதான! நான் சொன்னதுல என்ன தப்பு?”

“ஒரு தப்பும் இல்ல டாக்டர்” என்றாள் அக்கா. “நீங்க எழுதின புகார்ல ஒரு வரியைக்கூட நான் மாத்தப்போறதில்ல. அஜின், அந்த மெஷினை முன்னால இழு.”

இழுத்தேன். பின்பக்கம் யூஎஸ்பி ஓட்டையில் ஒரு கறுப்பு வயர் குத்தியிருந்தது. கேமரா வயர்களோடு வயராக ஏசி ஓட்டைக்குள் புகுந்து, சுவரைத் தாண்டி, குடிலின் வைக்கோலுக்குள் போய் முடிந்தது. அதன் முனையில் அருவியின் குட்டி மோட்டார்.

“பழைய மெஷின்” என்று அக்கா விளக்கினாள். “இதுல நெட்வொர்க் கார்டுக்கும் யூஎஸ்பிக்கும் ஒரே மணிதான். வேலை இருக்குன்னா ரெண்டும் அந்த மணிய அடிச்சுத்தான் மெஷினைக் கூப்பிடும். அப்பம் நான் அடிச்ச கட்டளையில ரெண்டு பேரும் ஒரே வரியில நிக்கதப் பாத்தேன். மோட்டார் இழுக்கிற கரண்டத் தாங்காம யூஎஸ்பி ஓட்டை அணைஞ்சு அணைஞ்சு முழிக்கும். முழிக்க முழிக்க மணிய அடிக்கும். அந்த அமளியில கார்டு அடிக்கிற மணி யாரு காதுல விழும்? காவல்காரன் கார்டு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிருவான். எம்-ஸீரோ விழுந்த வரிக்கு முந்தின வரியில, யூஎஸ்பியில ஓவர் கரண்டுன்னு ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்கு. இவ கார்ட மாத்தினா, ஸ்லாட்ட மாத்தல. அதனால மணியும் மாறல.”

“அதான், சுவிட்சு...” என்றார் டாக்டர்.

“சுவிட்சு வெளியே இருக்கு. யார் வேணும்னாலும் போடலாம். பிளக்கு உள்ள இருக்கு.” அக்கா புகாரை எடுத்து அவர் எழுத்தையே வாசித்தாள். “‘சர்வர் அறைக்கு இரண்டே சாவிகள். சாவி உள்ளவரைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது.’ அருமையா எழுதியிருக்கீங்க. இந்தக் கறுப்பு வயரையும் கேமரா வயருன்னு நெனச்சுத்தான் ஸ்மைலின் கேபிளையும் கார்டையும் மாத்திக் கெடந்தா. அப்பம் இன்னொரு சாவி?”

டாக்டரின் கை தானாகவே பாக்கெட்டில் கிடந்த கார் சாவியைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது.

தேவகனி அம்மா எழுந்தார். “பேட்டரி வாங்கி உள்ள வச்சிருக்கேன்னு சொன்னீங்களே?”

“வாங்கத்தான் நெனச்சேன் தேவகனி... மறந்துபோச்சு. நீ கேட்டுட்டே இருந்த. அந்த ஒரு மெஷின்தான் யூபிஎஸ்ல ஓடுது, கரண்டு போனாலும் நிக்காது. போன் சார்ஜ் போடுகது மாதிரிதானன்னு குத்தினேன். கரண்டு மட்டும்தான எடுத்தேன்? நெட்டத் தொடவே இல்லியே!”

“எங்கிட்டப் பொய் சொல்லிட்டு, இந்தப் பிள்ளைய ஸ்டேஷனுக்கு அனுப்பப் பாத்தீங்க” என்றார் தேவகனி அம்மா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் டாக்டர் பிழைத்திருப்பார்.

நான் கறுப்பு வயரைப் பிடுங்கினேன். எம்-ஸீரோ அசையாமல் நின்றது. படங்கள் மறுபடி முதலிலிருந்து போகத் தொடங்கின. ஆனால் அருவி செத்துவிட்டதைப் பார்த்த சிதறால் பிள்ளை மறுபடியும் வாயைத் திறந்தது. அழுது அழுது மூச்சு இழுத்தது. அம்மா ஷைஜா பதறினாள். “தலையில அடிபட்ட பிள்ள, இப்படி அழக் கூடாது டாக்டர், ஏதாவது செய்யுங்க!”

டாக்டர் குடிலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு கழிப்பறைக்குள் போய் ஒரு மக்கு நிறையத் தண்ணீர் எடுத்து வந்து, மலையுச்சியில் மெல்ல ஊற்றத் தொடங்கினார். அருவி விழுந்தது. மெஷின் அருவியைவிட அழகாகவே விழுந்தது. பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தது. மக்கு தீர்ந்ததும் நர்ஸ் இன்னொன்று கொண்டுவந்தாள். டாக்டர் சட்டையெல்லாம் நனைந்து, குனிந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அக்கா புகாரை என்னிடம் நீட்டினாள். எதற்கென்று கேட்கவில்லை. மடித்தேன். குளத்தில் விட்டேன். கப்பல் மேய்ப்பர்களைச் சுற்றி மிதந்தது. பிள்ளை சிரித்துவிட்டது.

திருவனந்தபுரத்திலிருந்து போன் வந்தது. தேவகனி அம்மா எடுத்தார். “எல்லாப் படமும் வந்திருச்சாம்” என்றார். “உள்ள ரத்தக்கசிவு ஒண்ணும் இல்லியாம்.” ஷைஜா பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விம்மினாள்.

டாக்டர் நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னார். “ஸ்மைலின், நான் செஞ்சது தப்பு மக்ளே. பெரிய தப்பு.”

ஸ்மைலின் முகத்தைத் துடைத்தாள். அவர் கையிலிருந்த மக்கைப் பிடித்தாள். “இங்க தாருங்க சார். வெள்ளம் நின்னா பிள்ள அழும்.”

மலையில் அவள் ஊற்றத் தொடங்கினாள். நாற்காலியில் அவள் வைத்துவிட்டுப் போன ஃபைலை அக்கா திறந்தாள். பல நாளாக மடித்து மடித்துத் தழும்பேறிய, கையெழுத்து விழாத எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் அதில் இருந்தது. அதை டாக்டரின் முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

“கையைத் துடைச்சுக்கிடுங்க டாக்டர்” என்றாள். “கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”